ஓகே ஒட்டிய கை

"ஓகேங்கிற வார்த்தை இருக்கே மேடம், அது சரியான பச்சோந்தி," என்றான் சைலன்சர், ஸ்டீயரிங்கில் தாளம் போட்டுக்கொண்டே.

பக்கத்து சீட்டில் மேடம் கண்ணைத் திறக்கவில்லை. பதில் வராவிட்டால் பேச்சை நிறுத்துகிற ஆளும் அவன் இல்லை. சைலன்சர் கழன்று விழுந்த வண்டி மாதிரி நாள் முழுக்கச் சத்தம் போடுவான் என்பதால் வந்த பெயர் அது.

"எங்க வீட்டுக்காரி ஓகேன்னா, சண்டை இப்பத்தான் ஆரம்பம்னு அர்த்தம். டாக்டர் ஓகேன்னா, எழுந்திருய்யா, வெளியில ஆள் காத்திருக்குன்னு அர்த்தம். முடி வெட்டுறவர் பின்னாடி கண்ணாடியைக் காட்டி ஓகேவான்னு கேப்பார். இல்லைன்னு சொன்னா மட்டும், வெட்டினதைத் திரும்ப ஒட்டித் தருவாரா? நீங்க ஓகேன்னா..."

"வாயை மூடுன்னு அர்த்தம்," என்றார் மேடம்.

பின்சீட்டிலிருந்து மெல்லிய சிரிப்பு ஒன்று வந்தது. காலையிலிருந்து அந்தச் சிரிப்புக்காகத்தான் சைலன்சர் இவ்வளவு பாடுபட்டுக்கொண்டிருந்தான்.

சிரித்தவள் தையலக்கா. பெயர் அவன் வைத்தது. துணிக்கடை ஒன்றின் மாடியில் ரெடிமேட் சட்டைகளைப் பிரித்து, ஆளுக்குத் தக்கபடி குறுக்கித் தைத்துக் கொடுப்பது அவள் வேலை. மழைக்காலம் முடிந்து சில வாரங்களில் அவள் கணவர் வீட்டை விட்டுப் போனார். போனவர் போனவர்தான். போன் அணைந்துவிட்டது. போலீஸ் ஸ்டேஷனில், "பெரிய மனுஷன், தானா போயிருக்கார், தானா வருவார்" என்று அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான், காணாமல் போனவர்களைத் துப்பறிந்து தேடிக் கொடுக்கும் மேடத்தின் ஆபீஸ் படியேறினாள். வீட்டில் காத்திருக்கச் சொன்னதற்கு, "வீட்டுல சுவருதான் மேடம் இருக்கு. நானும் வரேன்" என்று காரில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"எங்க வீட்டுல அந்த வார்த்தையே கிடையாது தம்பி," என்றாள் தையலக்கா இப்போது. "அவர் எதுக்கும் 'ஆகட்டும்'னுதான் சொல்லுவார். சாப்பிடலாமான்னா ஆகட்டும். சினிமாவுக்குப் போலாமான்னா ஆகட்டும். அன்னிக்குக் காலையிலதான் முதல் தடவையா..."

மேடம் கண்ணைத் திறந்தார். "சொல்லுங்க."

"கொஞ்ச நாளாவே பேச்சு நின்னு போச்சு மேடம். சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே உக்காந்திருப்பார். கேட்டா பதில் இல்லை. அன்னிக்கு எனக்குப் பொறுக்கலை. 'இப்படி ஊமையா இருக்கறதுக்கு எங்கயாவது போய்த் தொலையுங்களேன்'னு கத்திட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பாத்தார். 'ஓகே'ன்னார். செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிட்டார்."

சைலன்சர் வாயைத் திறந்தான். மேடம் கையைக் காட்டினார். மூடிக்கொண்டான்.

"வேலையில அந்த வார்த்தை உண்டா?"

"வேலையே அதுதான் மேடம். ஏணிக் கம்பெனியில செக்கர். ஒவ்வொரு ஏணியையும் ஏறிப் பாத்து ஓகே ஸ்டிக்கர் ஒட்டணும். ஸ்டிக்கர் ரோலை வளையல் மாதிரி மணிக்கட்டுல மாட்டிப்பார். வீட்டுக்கும் அதோடதான் வருவார். தூங்கும்போது கழட்டுங்கன்னு நான் திட்டணும்."

"அப்போ அவருக்கு அது லேசுல வாயில வர்ற வார்த்தை இல்லை," என்றார் மேடம். "ஏறி, மிதிச்சு, சோதிச்சுப் பாத்தப்புறம் சொல்றது. கோவத்துல போகலை. முடிவு பண்ணி வெச்சிருந்தார். நீங்க கத்தினது ஒரு சாக்கு. சைலன்சர், தேட வேண்டியது ஆளை இல்லை. வேலையை."

"நான் வேற மாதிரி நினைச்சேன் மேடம்," என்று அவன் குரலைத் தாழ்த்தினான். "ஊமையா இருக்கிறது, திடீர்னு போறது... இந்த மாதிரி கேஸ்ல முக்கால்வாசி இன்னொரு..."

"பொம்பளைதானே?" தையலக்காவுக்குக் காது கூர்மை. "சொல்லுங்க தம்பி. எங்க தெருவே அதைத்தான் சொல்லுது. ஆனா எனக்கு ஒரு நாள் இருக்கு. அதைப் பாத்தவ நான். அதனால நம்ப மாட்டேன்."

கார் ஏணிக் கம்பெனியின் இரும்புக் கதவுக்கு முன்னால் நின்றது. யாரும் இறங்கவில்லை.

"நடு மழைக்காலம். கடையிலேர்ந்து வரேன், ரெண்டு கையிலயும் பை. சாவியை உள்ளயே வெச்சுப் பூட்டிட்டேன். மழை கொட்டுது. போன் பண்ணேன். 'பைத்தியமா நீ'ன்னு சிரிச்சார். வேலை முடிய இன்னும் நேரம் இருந்துச்சு. வர மாட்டார்னுதான் நினைச்சேன். ஓடி வந்தார் மேடம். குடைகூட இல்லை. கையை நீட்டிப் பூட்டைத் திறக்கறார், மழைத்தண்ணி முழங்கை வழியா ஒழுகுது, நான் அந்தக் கையையே பாத்துக்கிட்டு சிரிக்கிறேன். அப்புறம் ரெண்டு பேரும் ஈரத்தோட தரையில உக்காந்து டீ குடிச்சோம். வேற ஒண்ணும் இல்லை. அவ்வளவுதான். ஆனா அந்த மாதிரி ஓடி வர்ற ஆளு..."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சைலன்சர் ரியர்வியூ கண்ணாடியைச் சற்று மேலே திருப்பிவிட்டு இறங்கினான். அழுகிறவர்களைக் கண்ணாடியில் பார்ப்பது அவனுக்குப் பிடிக்காது.

*

ஏணிக் கம்பெனியின் சூப்பர்வைசர் எல்லாவற்றுக்கும் ஓகே சொல்கிறவர். உள்ளே வரலாமா என்றதற்கு ஓகே. போட்டோவைக் காட்டியதும் ஓகே ஓகே. செக்கர் ஏன் போனார் தெரியுமா என்றதற்கும் முதலில் ஓகே என்று சொல்லிவிட்டு, பிறகு "தெரியாது" என்றார்.

"இவர்கிட்ட ஓகே மொத்த விலையில கிடைக்கும் போல," என்று சைலன்சர் மேடத்தின் காதில் முணுமுணுத்தான்.

நீளமான கொட்டகை. அலுமினிய ஏணிகள் குதிரைகள் மாதிரி வரிசையாக நின்றன. மூலையில் ஒரு மேசை, காலியான நாற்காலி. அனுப்பத் தயாராக நின்ற பழைய ஏணிகளில் ஒன்றை மேடம் சுற்றிச் சுற்றி வந்தார்.

"ஸ்டிக்கர் எங்க?"

"மேல் படிக்கு அடியில மேடம். அவரோட பழக்கம் அது. உச்சிப் படி வரைக்கும் ஏறி, ஒரு குதி குதிப்பார். இறங்கும்போது கையை விட்டு அடியில ஒட்டிட்டு வருவார். வாங்கறவன் கண்ணுக்கே தெரியாதுய்யான்னு நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன். 'ஏறினவனுக்குத் தெரிஞ்சா போதும்'பார்."

"ரோல்?"

"ஒவ்வொரு செக்கருக்கும் தனி ரோல். அவங்க கையை விட்டு அது போகக்கூடாது. ரூல்."

மேடம் கொட்டகையின் கடைசி மூலைக்கு நடந்தார். அங்கே சாக்குத்துணி சுற்றிய ஒரு ஏணி சுவரோடு சாய்ந்திருந்தது. துணியை விலக்கினார். ஒரு படி ரிவிட்டோடு பிய்ந்து தொங்கியது. பக்கச் சட்டத்தின் முன்புறம், நெஞ்சுயரத்தில், பளிச்சென்று ஒரு பச்சை ஸ்டிக்கர்: ஓகே. அதற்குக் கீழே, செய்த தேதி இரும்பு முத்திரையாய்ப் பதிந்திருந்தது. மேடம் அந்தத் தேதியை விரலால் தடவிப் பார்த்தார்.

சூப்பர்வைசருக்கு வியர்த்தது. "அது... அது கம்பெனி பேசி முடிச்ச விஷயம் மேடம்."

"என்ன பேசினீங்க?"

"பக்கத்து ஊர்ல ஒரு பெயிண்டர். இதுலேர்ந்து விழுந்து... தலையில அடி. போயிட்டார். அவங்க வீட்டோட பேசிட்டோம். ஓகே ஆயிடுச்சு."

"செத்தவருக்கும் ஓகேவா?" என்று கேட்டான் சைலன்சர். வழக்கமாக இப்படிக் கேட்டால் அவனுக்கே சிரிப்பு வரும். இப்போது வரவில்லை.

"ஏணி திரும்பி வந்த அன்னிக்கு செக்கர் இதைப் பாத்தாரா?" மேடம் கேட்டார்.

"நாள் பூரா இது முன்னாடியே நின்னார். அப்புறம் பெயிண்டர் வீட்டு அட்ரஸ் கேட்டார். குடுத்தேன். கொஞ்ச நாள்ல வேலைக்கு வர்றதை நிறுத்திட்டார்."

"எங்களுக்கும் குடுங்க," என்றார் மேடம். பிறகு, போகிற போக்கில் கேட்பது போல், "ஸ்டிக்கர் எப்படித்தான் ஒட்டுவீங்க? புதுசா ஒண்ணுல ஒட்டிக் காட்டுங்களேன்."

சூப்பர்வைசருக்கு நிம்மதி. கேள்வி சுலபமானது. பக்கத்தில் நின்ற ஏணியை இழுத்தார். செக்கர் போனதிலிருந்து தன்னிடமே இருந்த புது ரோலில் ஒரு ஸ்டிக்கரை உரித்தார். கட்டைவிரலால் அழுத்தினார். பக்கச் சட்டத்தின் முன்புறம். நெஞ்சுயரத்தில்.

மேடம் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஓகே," என்றார்.

அந்த ஓகே எந்த வகை என்று சைலன்சருக்குப் பிடிபடவில்லை.

*

போகிற வழியில், காரிலேயே இருந்துவிட்ட தையலக்காவிடம் பெயிண்டர் கதையை அவன்தான் சொன்னான். அவள் கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"ஏறிப் பாக்காம அவர் ஒட்ட மாட்டாரே தம்பி," என்றாள். 

வெயில் இறங்கத் தொடங்கியபோது பக்கத்து ஊருக்குள் நுழைந்தார்கள். ஒரே அச்சில் வார்த்தது போன்ற சின்னச் சின்ன வீடுகள். கொடிகளில் துணி. தெருமுனையில் காரை நிறுத்தச் சொல்லி, தையலக்காவை உள்ளேயே இருக்கச் சொன்னார் மேடம்.

பெயிண்டர் வீட்டு வாசலில் ஆண் செருப்பு ஒரு ஜோடி கிடந்தது.

"மேடம்," என்றான் சைலன்சர் கிசுகிசுப்பாக. "புருஷன் செத்த வீடு, வாசல்ல ஆம்பளை செருப்பு. நான் காலையிலேயே சொன்னேன்."

"கேட்டைப் பாரு."

கேட்டின் தாழ்ப்பாளுக்கு அடியில், குனிந்தால் மட்டும் தெரிகிற இடத்தில், ஒரு பச்சை ஸ்டிக்கர். படிக்கட்டின் கைப்பிடிக்கு அடியில் ஒன்று. வாசல் நாற்காலியை மேடம் சாய்த்துப் பார்த்தார். அதன் அடியிலும்.

கதவைத் திறந்த பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. போட்டோவைப் பார்த்தாள். "தேடி யாராவது வருவாங்கன்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன்," என்றாள். "பின்பக்கம் இருக்கார். மழைக்குழாயைச் சரி பண்றார்."

"உங்களுக்கு இவர் யாருன்னு..."

"ஏணிக் கம்பெனிக்காரர். வந்த அன்னிக்கே சொன்னார். அடிச்சேன். செருப்பாலேயே அடிச்சேன். வாங்கிக்கிட்டுப் போனார். மறுநாள் வந்து கேட்டுக்கு வெளியில நின்னார். அடுத்த நாளும் வந்தார். ஒருநாள் தாழ்ப்பாள் கழண்டு தொங்கிச்சு, அதை மாட்டினார். திட்டத் தெம்பில்லாம விட்டுட்டேன். தெருமுனை ஹார்டுவேர் கடையில வேலை பாக்கறார், அங்கேயே படுத்துக்கறார். சாயங்காலம் வந்து ஏதாவது ஒண்ணைச் சரி பண்ணுவார். பச்சைத் தண்ணிகூட வாங்கிக் குடிக்க மாட்டார்." கொஞ்சம் நிறுத்தி, "மன்னிச்சேனான்னு கேட்டீங்கன்னா, இல்லை," என்றாள்.

சைலன்சர் வாசலில் கிடந்த செருப்பைப் பார்த்தான். தான் சொன்னதை யாராவது அழித்துவிட்டால் தேவலை போலிருந்தது.

பின்பக்கம், சுவரில் சாய்த்த ஏணியின் மேலே அவர் இருந்தார். போட்டோவில் இருந்ததைவிடப் பாதியாக இளைத்திருந்தார். மணிக்கட்டில் ஸ்டிக்கர் ரோல். மேடம் யார், எதற்கு வந்தார் என்று சொன்னதும் மெதுவாக இறங்கினார்.

"நல்லா இருக்காளா?"

"இல்லை," என்றார் மேடம். "உங்களுக்கு ஒரு விஷயம் சொல்லணும். அந்த உடைஞ்ச ஏணியைப் பாத்தேன். ஸ்டிக்கர் முன்பக்கச் சட்டத்துல இருக்கு. உங்க கை படிக்கு அடியிலதான் ஒட்டும். இந்த வீட்டு நாற்காலி வரைக்கும் அடியிலதான் ஒட்டியிருக்கீங்க. முன்பக்கம் ஒட்டுற கையையும் இன்னிக்குப் பாத்தேன். உங்க சூப்பர்வைசர் கை. அந்த ஏணியை நீங்க பாஸ் பண்ணவே இல்லை. யாருமே ஏறிப் பாக்காத ஏணி அது."

சைலன்சருக்கு உள்ளுக்குள் ஏதோ துள்ளியது. அப்படியானால் இந்த மனுஷன் நிரபராதி! இதோ, இப்போதே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காரில் ஏற்றிவிடலாம். தையலக்கா சிரிப்பாள். அவன் செக்கரின் முகத்தில் அந்த விடுதலையைத் தேடினான்.

"தெரியும் மேடம்," என்றார் அவர். "பாத்த அன்னிக்கே தெரியும்."

"அப்புறம்?"

"ரோல் என்னுது." அவர் மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினார். "இது என் கையில இருந்திருந்தா யாராலயும் ஒட்டியிருக்க முடியாது. அன்னிக்கு லாரி வெளியில நிக்குது, லோடு ஏத்தணும்னு சூப்பர்வைசர் குதிச்சுக்கிட்டிருந்தார். நான் இல்லை. ரோல் மேசை மேல இருந்துச்சு. அவர் நாலஞ்சு ஏணிக்கு ஒட்டி அனுப்பிட்டார். அதுல ஒண்ணு இந்த வீட்டுக்கு வந்துச்சு."

"கையை விட்டுக் கழட்டாத ரோலை எதுக்குக் கழட்டினீங்க?"

அவர் ஏணியின் படியைத் துணியால் துடைக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த படி.

"வெளியில போகவேண்டியிருந்துச்சு. நனைஞ்சா பசை போயிடும். அதான் கழட்டி வெச்சேன்."

நனைஞ்சா.

சைலன்சரின் கண்முன் ஒவ்வொன்றாக வந்தது. உடைந்த ஏணியில் மேடம் விரலால் தடவிய அந்த நடு மழைக்காலத்துத் தேதி. ரெண்டு கையிலும் பையோடு மழையில் நிற்கிற ஒருத்தி. முழங்கை வழியாக ஒழுகுகிற தண்ணீர்.

"பூட்டு," என்றான். அவ்வளவுதான் வந்தது.

செக்கர் திடுக்கிட்டு அவனைப் பார்த்தார். "சொன்னாளா?"

"காலையிலதான் சொன்னாங்க. அந்த நாளை நினைச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்னு."

அவர் அப்படியே ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"தம்பி, அவகிட்ட இதை மட்டும் சொல்லிடாதீங்க. வீட்டுல இருந்தா என்னிக்காவது என் வாயிலேர்ந்து வந்துடும். அதுக்குப் பயந்துதான் வாயையே திறக்காம இருந்தேன். அப்படி இருக்கவும் முடியலை, கிளம்பிட்டேன். ஒரு பொம்பளையோட இருக்கேன்னு சொல்லிடுங்க. நாலு நாள் அழுவா, என்னைத் திட்டுவா, ஆறிடும். இது ஆறாது. நாங்க சிரிச்சது ஒரே ஒரு நாள்னு வெச்சுக்கங்களேன். அதையும் எப்படிப் பிடுங்கறது?"

மேடம் சுவர்ப் பக்கம் திரும்பினார். துப்புகளைப் பார்க்கும்போது அவர் கண்ணில் இருக்கும் கூர்மை இப்போது இல்லை.

"போலீஸ்ல சூப்பர்வைசரைப் பத்தி நான் சொல்லுவேன்," என்றார். "அது என் கடமை. ஆனா இவங்க விஷயம்..." அவர் சைலன்சரைத் திரும்பிப் பார்த்தார். "பேசறது உன் டிபார்ட்மென்ட். போ. என்ன சொல்றதுன்னு நீயே முடிவு பண்ணு."

*

தெருமுனை வரைக்கும் நடந்துபோக அவனுக்கு இவ்வளவு நேரம் ஆனதே இல்லை. எத்தனையோ வீடுகளில் எத்தனையோ பொய்கள் சொல்லி உள்ளே நுழைந்தவன் அவன். கேஸ் சிலிண்டர் செக் பண்ண வந்திருக்கேன், தண்ணி வரிக்கு வந்திருக்கேன். பொய் அவனுக்கு இட்ட வேலை. கார்க் கதவைத் திறந்து முன்சீட்டில் உட்கார்ந்தான். கண்ணாடி மேலே திரும்பியிருந்தது. நல்லவேளை.

"அக்கா... அங்க ஒரு பொம்பளை..." என்று ஆரம்பித்தான்.

"தம்பி," என்றாள் அவள். "உங்களுக்குப் பொய் வரலை. பேச்சு மெதுவா வருது."

அவன் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டான்.

"அவர் கையில ரோல் இருக்கா?"

"இருக்குக்கா."

"அன்னிக்கு இல்லை," என்றாள் தையலக்கா. "நீங்க போனதுலேர்ந்து அதையேதான் நினைச்சுக்கிட்டிருக்கேன். பூட்டைத் திறக்க நீட்டினாரே, வெறுங்கை. மணிக்கட்டுல ரோல் போட்டுப் போட்டு ஒரு வெள்ளைத் தழும்பு இருக்கும். அதுமேல தண்ணி ஓடிச்சு. அதைப் பாத்துத்தான் நான் சிரிச்சேன். 'வளையலைக் கழட்டி வெச்சுட்டு வந்தீங்களா'ன்னு கேலி பண்ணேன்." அவள் குரல் எங்கேயும் உடையவில்லை. அதுதான் அவனால் தாங்க முடியவில்லை. "மழை பெஞ்ச அன்னிக்குத்தானே தம்பி? அந்த ஏணி?"

சைலன்சர் பதில் சொல்லவில்லை. அவனுக்கு அந்தப் பெயர் வைத்தவர்கள் யாரும் அப்போது பக்கத்தில் இல்லை.

அவள் கதவைத் திறந்து இறங்கினாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். தையல் மெஷின் முன்னால் உட்காரப் போகிறவள் மாதிரி. எந்த வீடு என்று கேட்கவில்லை. வாசலில் கிடந்த அவர் செருப்பு போதுமாயிருந்தது.

அவன் பின்னாலேயே ஓடினான்.

பெயிண்டரின் மனைவி வாசலில் நின்றிருந்தாள். இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். தையலக்கா ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்ல முடியாமல், கை மட்டும் கூப்பினாள். அந்தப் பெண் திரும்பக் கும்பிடவில்லை. ஆனால் வழியை விட்டு விலகி நின்றாள்.

பின்பக்கம் அவர் மறுபடியும் ஏணியில் ஏறியிருந்தார். குழாயின் கடைசி ஆணியை முடுக்கிக்கொண்டிருந்தவர், காலடிச் சத்தம் கேட்டுக் கீழே பார்த்தார். ஸ்குரூடிரைவர் நழுவி மண்ணில் விழுந்தது.

"எதுக்கு வந்தே?" என்றார். கோபமாகச் சொல்லப் பார்த்தார். முடியவில்லை.

தையலக்கா குனிந்து ஸ்குரூடிரைவரை எடுத்தாள். மண்ணைப் புடவையில் துடைத்து மேலே நீட்டினாள். அவர் வாங்கும்வரை கையை எடுக்கவில்லை.

"எனக்குத் தெரியும்," என்றாள். "சாவியை உள்ள வெச்சுப் பூட்டினது நான்தானே. நீங்க மட்டும் எப்படி ஒத்தையா இதைத் தூக்குவீங்க?"

அவர் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டார்.

"நீங்க வேலையை முடிங்க. நான் பிடிச்சுக்கறேன்," என்று அவள் ஏணியின் இரண்டு சட்டங்களையும் இரண்டு கையால் பற்றினாள்.

மேடம் சத்தமில்லாமல் வெளியே நடந்தார். சைலன்சரால் நகர முடியவில்லை. மேலே அந்த மனுஷனின் தோள் ஆட ஆரம்பித்தது. ஏணி குலுங்கியது. அவள் காலை அகட்டி ஊன்றி, இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.